தல ஒருத்தர்கிட்ட, உடம்பு ஒருத்தர்கிட்ட

இல்லைங்க ஐயா, கொலைக் கேஸ் இல்ல. அந்தக் காயிதத்த மொதல்ல மூடி வைங்க. அத வாசிச்சா யாரும் அப்படித்தான் நெனப்பாங்க. தம்பிக்காரரு தலையக் காணோம்னு ஒரு முறைப்பாடு, அண்ணன்காரரு உடம்பக் காணோம்னு ஒரு முறைப்பாடு. ரெண்டும் ஒரே நாள்ல. பொலிஸ்ல இருந்த சார்ஜன் என்ன செய்வாரு பாவம். தொப்பிய மாட்டிக்கிட்டு ஜீப்புல ஏறப் போயிட்டாராம்.

எங்க கொழுந்தனுக்கு சிங்களம் கொஞ்சம் மட்டு. ஹெட்டுன்னு சொல்லியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். அவரு தலைக்கு சிங்களத்துல என்ன பேரோ அதச் சொல்லி, ஒளுவ, ஒளுவன்னு தன்னோட மண்டையத் தட்டித்தட்டிக் காட்டியிருக்காரு. பக்கத்துல எங்க வீட்டுக்காரரு, உடம்புக்கு இங்கிலீசுல சொல்ற மாதிரி, பொடியக் காணோம், பொடியக் காணோம்னு நிக்கிறாரு. பொடி யாரோடதுன்னு சார்ஜன் கேட்டா, எங்க ரெண்டு பேரோடதும்தான்னு ரெண்டு வாயும் ஒண்ணா சொல்லிச்சாம். அந்த ஒரு விசயத்துலதான் அன்னைக்கு ஒத்துமையா இருந்திருக்காங்க.

வேன் ஐயா. டீசல் வேன். தலைங்கிறது அதோட எஞ்சின்ல மேல உக்காந்திருக்கிற சிலிண்டர் ஹெட். உடம்புங்கிறது மிச்ச வேன்.

ஆமாங்க, அதுக்குத்தான் கோர்ட்டுக்குப் போகாம பேசித் தீக்கச் சொல்லி இந்த இணக்க சபை வரைக்கும் அனுப்பியிருக்காங்க. சிரிங்க ஐயா, பரவாயில்ல. நான் சிரிச்சு முடிச்சுட்டுத்தான் வந்தேன்.

நானா? நான் மூத்தவரோட சம்சாரம், பாக்கியலெட்சுமி. அவரு பேரு காயிதத்துல இருக்கு பாருங்க, விஜேந்திரன். எளையவரு கஜேந்திரன். அவங்க இன்னும் வரல. பதுள பஸ் நேரத்துக்கா வருது. அதுக்குள்ள உங்கள்ட ரெண்டு வார்த்த பேசிட்டாத் தேவலன்னு நான் முந்தி வந்தேன். இல்லைங்க, இந்தப் பெஞ்சே போதும். சின்னப் புள்ளைங்க பெஞ்சுதான், ஆனா நான் பள்ளிக்கூடத்துல உக்காந்ததவிட இப்பத்தான் வசதியா உக்காந்திருக்கேன்.

நாங்க ஸ்பிரிங்வெளிப் பக்கம், தேயிலத் தோட்டத்து மேல் டிவிசன். வரிசையாக் கட்டுன லயத்து வீட்டுல எங்க காம்பராவும் கொழுந்தன் காம்பராவும் ஒட்டுனாப்புல. நடுவுல ஒரு செவுரு. அவங்க இருமுனா எங்க வீட்டுல சட்டி ஆடும். வேன் எங்க வீட்டுக்காரரு வாங்குனது. வாங்குன கொஞ்ச காலத்துல ஹெட்டு வெடிச்சு, அடுப்புக் கல்லா வைக்கத்தான் ஆகும்ங்கிற மாதிரி ஆயிருச்சு. அப்ப கொழுந்தன் கொழும்புல வேல செஞ்சாரு. அவருதான் அங்கருந்து நல்ல ஹெட்டு ஒண்ணு தேடி, ரயில்ல மடியில வச்சுக் கொண்டாந்து போட்டாரு. அதுலருந்து வேன் ரெண்டு பேருக்கும் பொது. ஒருத்தரு ஓட்டுவாரு, ஒருத்தரு ஆள் ஏத்துவாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னாலும் கல்யாணத்துக்குப் போறதுன்னாலும் எங்க டிவிசனுக்கு அந்த வேன்தான்.

அப்பறம் என்னாங்க, கதிர்காமத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போயிட்டுத் திரும்பி வரும்போது வெல்லவாய ஏத்தத்துல பொகைய கக்கிக்கிட்டு நின்னுருச்சு. சூடு காட்டுற ஊசி எப்பவோ செவப்புக்குப் போயிருச்சாம். தண்ணி பாக்க வேண்டியது நீதான்னு அண்ணன். ஊசியப் பாக்க வேண்டியது நீதான்னு தம்பி. முருகன் கோயில் துன்னூறு நெத்தியில காயல, அதுக்குள்ள ஒருத்தர ஒருத்தரு அம்மாவ இழுத்துத் திட்டுறாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே அம்மாங்கிறதக்கூட மறந்துட்டாங்க. அந்த அம்மா, எங்க மாமி கருப்பம்மா, பின்சீட்டுல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு வந்திருக்காங்க.

ஊருக்கு இழுத்துக் கொண்டாந்து, பட்டறைக்கு அனுப்பலாம்னு ஹெட்டக் கழட்டினாங்க. கழட்டி முத்தத்துல வச்சப்ப மறுபடியும் சண்ட மூண்டுருச்சு. கொழுந்தன் அப்படியே ஹெட்ட வாரித் தூக்கிக்கிட்டு அவரு காம்பராவுக்குள்ள போயிட்டாரு. தல நான் போட்டது, உடம்ப நீயே வச்சுக்கன்னாரு. இவரு சாவிய மடியில முடிஞ்சுக்கிட்டு, வச்சுக்கிறேன்டான்னாரு. அன்னைக்கோட பேச்சு நின்னுச்சு. மூணு வருசம் ஐயா.

காயிதத்துல இருக்கிற தனுஜா யாருன்னு கேக்குறீங்களா? கொழுந்தன் சம்சாரம். இந்தக் கதையே அவளோடதுதான், அவள நான் இன்னும் சொல்லவே இல்ல பாருங்க. அவ அப்புத்தளக்காரி. அவங்கப்பா மரக்கறி லொறி வச்சிருக்காரு. அந்தப் பனியில முன்னால போற மாட்டோட வாலு தெரியாத ரோட்டுல, அப்பனுக்குக் காய்ச்சல்னா இவதான் லொறிய எறக்குவாளாம். லைசன் இருக்கு அவகிட்ட. கல்யாணம் முடிச்சு வந்தப்ப வேன நான் ஓட்டவான்னு கேட்டிருக்கா. பொம்பள ஓட்டுற வேன்ல எவன் ஏறுவான்னு ரெண்டு பேருமே சொல்லிட்டாங்க. அப்ப பேச்சுவார்த்தை இருந்துச்சு, அதனால ஒண்ணா சொன்னாங்க. அவ லைசன மடிச்சு முகம் பாக்குற கண்ணாடிக்குப் பின்னால சொருகிட்டு, கூடைய மாட்டிக்கிட்டு என்னோட கொழுந்து பறிக்க வந்துட்டா.

அந்த மூணு வருசமும் அவ வீட்டுல ஹெட்டுக்கு நடந்த மரியாத இருக்கே. உரச்சாக்குல சுத்தி, அவளோட கூறப்புடவைய மேல போத்தி, கட்டிலுக்கு அடியில வச்சிருந்தாரு. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வெளிய எடுத்து எண்ண பூசுவாரு. எந்தலைக்கு எண்ண இல்லன்னா தேங்கா வெல ஏறிருச்சும்பாரு அக்கா, இந்தத் தலைக்கு மட்டும் எண்ண தீரவே தீராதும்பா தனுஜா. செவுத்துக்கு இந்தப் பக்கம் நான் சிரிப்பேன், அந்தப் பக்கம் அவ சிரிப்பா. நாங்க பேச்ச நிறுத்தல ஐயா. எங்களுக்கு அதுக்கு நேரமில்ல.

வேனா? அது தலையில்லாம முத்தத்து ஓரத்துல நின்னுச்சு. எங்க கோழி ரெண்டு பின்சீட்டுல அடகாத்துச்சு.

இப்ப மழைக்கு வாறேன். உங்களுக்குத் தெரியும், பதுளையில இருக்கிறவங்களுக்கு அந்த மழையப் பத்தி நான் சொல்லணுமா. மண்சரிவு எச்சரிக்கை, ஒடனே எறங்குங்கன்னு சொல்லிட்டாங்க. மீரியபெத்தையில மல சரிஞ்சு லயத்தையே மூடுனதுக்குப் பிறகு அத யாரும் வெளையாட்டா எடுக்கிறதில்ல. கையில கெடச்சத எடுத்துக்கிட்டு கீழ பள்ளிக்கூடத்துக்கு நடக்கணும். மாமிக்கு இளைப்பு. நாலு எட்டு வச்சா நெஞ்சு விசிலடிக்கும். பிளாஸ்டிக் கதிரையில உக்கார வச்சு மகன்மாரு ரெண்டு பேரும் தூக்குறதுன்னு ஆச்சு.

கொழுந்தன் அதுக்கு முன்னாடி எதை எடுத்தாருன்னு நெனக்கிறீங்க? ஐடென்டிக் கார்ட எடுக்கல, அடுப்பு மேல இருந்த சாமி படத்த எடுக்கல. கட்டிலுக்கு அடியில பூந்து ஹெட்ட இழுத்துக்கிட்டு வாறாரு. ரெண்டு கையும் கதிரைக்கு வேணுமே. சாக்க தனுஜாகிட்ட நீட்டி, இதக் கொண்டான்னாரு. அவ ஒரு நிமிசம் அவரு மூஞ்சியப் பாத்தா. அப்பறம் கொழுந்துக் கூடக் கயித்தக் கழட்டி, சாக்குல கட்டி, கயித்த நெத்தியில போட்டுக்கிட்டு முதுகுல ஏத்திட்டா. அந்த மழையில, அந்த வழுக்குற படியில, ஒரு எஞ்சின் ஹெட்ட கொழுந்து சொமக்கிற மாதிரி சொமந்துக்கிட்டு எறங்குறா ஐயா.

முன்னால கதிர போகுது. அண்ணன் முன்னுக்கு, தம்பி பின்னுக்கு. பேச்சு இல்லையே. அம்மா, பின்னால வர்றவனக் கொஞ்சம் ஒசத்தச் சொல்லுங்கிறாரு இவரு. அம்மா, முன்னால போறவர காலப் பாத்து வைக்கச் சொல்லுங்கிறாரு அவரு. நடுவுல மாமி மூச்சு விட முடியாம, ஒசத்துடா, பாத்து வைடான்னு தபால் குடுத்துக்கிட்டு வாறாங்க.

வேனுக்குப் பக்கத்துல வந்ததும் மாமி, எறக்குங்கடான்னாங்க. எறக்கினாங்க. எந்திரிச்சு நடந்து போயி, வேன் கதவத் தெறந்து, கோழிக்குப் பக்கத்துல ஏறி உக்காந்துட்டாங்க. ரெண்டு பேரும் கெஞ்சுறாங்க. மாமி ஒரே வார்த்ததான் சொன்னாங்க. இது தலையில்லாம நிக்கிது, உங்களுக்கு இருந்தும் என்னாடா பிரயோசனம்.

அத சொல்லி வாய் மூடல, லயத்துக்குப் பின்னால ஒரு சத்தம். பெரிய துணிய நடுவுல கிழிக்கிற மாதிரி. கடைசிக் காம்பரா ரெண்டும் போயிருச்சு. ஆள் இல்ல, சாமி புண்ணியம், எல்லாரும் எறங்கிட்டாங்க. இவங்க ரெண்டு பேரும் மரம் மாதிரி நிக்கிறாங்க. தனுஜாதான் முதுகுல சாக்கோட பாஞ்சு, மாமியக் கையப் புடிச்சு இழுத்து எறக்குனா. அதுக்குப் பிறகு கதிர இல்ல, பேச்சு இல்ல. மகனுங்க அப்படியே அம்மாவத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. நான் ஓடுனேன். தனுஜா அந்தச் சனியனச் சொமந்துக்கிட்டே ஓடுனா. ஏன் போடலன்னு பிறகு கேட்டேன். கயித்த நெத்தியில போட்டா எறக்குற எடம் வர்ற வரைக்கும் எறக்கிப் பழக்கமில்ல அக்கான்னா.

தண்ணி குடிச்சுக்கிறேன் ஐயா.

மாமிய ஆஸ்பத்திரியில வச்சு ஆவி புடிச்சு அனுப்புனாங்க. பள்ளிக்கூடத்துல எங்களுக்கு ஒரு மூல. தனுஜா ஹெட்ட செவுத்தோரமா வச்சு அதுமேலயே உக்காந்திருந்தா. கொழுந்தன் வந்து குடுன்னாரு. அவ எந்திரிக்கல. அவ்வளவுதான். பிறகு ஒருநா அவ தண்ணிக்குப் போயிட்டு வந்து பாத்தா சாக்கக் காணோம். கொஞ்ச நாள்ல லயத்துப் பக்கம் சாமான் எடுக்கப் போனவங்க வந்து, வேனையும் காணோம்னாங்க. தம்பி அண்ணனத்தான் சந்தேகப்பட்டாரு, அண்ணன் தம்பிய. அதுதான் முறைப்பாடு. அவ்வளவுதாங்க நடந்தது. இதுல என்னா ஒரு நல்ல விசயம்னா, அவ்வளவு சூட்டுலயும் ஹெட்டு வெடிக்காம இருந்ததே பெருசுன்னு இத்ரூஸ் நானா சொன்னாரு.

என்னாங்க?

யாரு இத்ரூஸ் நானாவா.

சொல்லிட்டேனா.

ஐயா, அந்தக் கதவக் கொஞ்சம் சாத்தவா? இங்க பேசுறது வெளிய போகாதுன்னு செவுத்துல ஒட்டியிருக்கு. அது உண்மைதானே? நீங்க யாழ்ப்பாணத்துப் பக்கம், வாத்தியாரா இருந்தவருன்னும் சொன்னாங்க. நீங்க ஓம்னு ஒரு சொல்லு சொன்னா எனக்குத் தைரியமா இருக்கும்.

சரி. இத்ரூஸ் நானா, முஸ்லிம் அண்ணன், பதுளையில எஞ்சின் சாமான் சீவிக் குடுக்குற கடசல் பட்டற வச்சிருக்காரு. மாமி ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே எங்க ரெண்டு பேரையும் கூப்புட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களான்னு கேட்டாங்க. பேசிக்கிறோம் மாமின்னோம். அப்ப எழும்பிப் போயி வேனுக்குத் தலையப் பூட்டுங்கடின்னாங்க. அவ்வளவுதான் உத்தரவு.

காணாமப் போச்சுன்னு சொன்ன அந்தச் சாக்க நாங்க ரெண்டு பேரும்தான் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு பஸ்ல ஏத்துனோம். சாக்குல என்னான்னு கொண்டக்டர் கேக்குறான். தனுஜா யோசிக்காம, தலைன்னுட்டா. பஸ்ஸே திரும்பிப் பாக்குது. எண்ண வேற ஒழுகி கறுப்பா ஒரு கறை. எங்களச் சுத்தி இருந்த சீட்டெல்லாம் காலி. அவ்வளவு வசதியா நான் பதுளைக்குப் போனதே இல்ல.

நானா ஹெட்ட மேசையில வச்சாரு. ஓட்டையெல்லாம் அடைச்சு, உள்ள தண்ணிய அமுக்கி, எங்கயாவது கசியுதான்னு பாத்தாரு. கசியல. ஒரு இரும்புச் சட்டத்த மேல வச்சு, கீழ வெளிச்சம் வருதான்னு குனிஞ்சு பாத்தாரு. எங்களையும் பாக்கச் சொன்னாரு. நடுவுல ஒரு கீத்து வெளிச்சம், தலமசிரு போற அளவுக்கு. வெடிக்கல தங்கச்சி, சூட்டுல வளைஞ்சிருக்கு, மொகத்த மட்டமாச் சீவி, வால்வ உரசிப் போட்டாச் சரின்னாரு. எவ்வளவு நேரம் ஆகும்னு தனுஜா கேட்டா. பகச் சாப்பாடு சாப்ட்டுட்டு வாங்கன்னாரு.

அவ அந்தப் பட்டற வாசல்லயே உக்காந்துட்டா ஐயா. மூணு வருசம் அக்கா, பகச் சாப்பாட்டு நேரம் அக்கா, இதையே திருப்பித் திருப்பிச் சொல்றா. சோறு எறங்கல அவளுக்கு. எனக்கு எறங்கிச்சு, பொய் சொல்லக் கூடாது.

காசா? எங்கள்ட இருந்தது, குடுத்தோம். அந்தப் பேச்சு வேணாம்.

நானாவோட மருமகன் அகீல்தான் ஹெட்ட வேன்ல பூட்டித் தர வந்தான். எங்க ஆம்பளைங்க ரோட்டுல மண் அள்ளுற வேலைக்குப் போனதும் நாங்க மூணு பேரும் லயத்துக்கு ஏறுனோம். மூணு வருசம் தெறந்து கெடந்த எஞ்சின் அக்கா, உள்ள துருப்புடிச்சு இறுகியிருக்கும், பெரிய எதிர்பார்ப்பு வச்சுக்காதீங்கன்னு சொல்லிக்கிட்டேதான் அவன் முன்சீட்டத் தூக்குனான். அந்த வேனுக்கு சீட்டுக்கு அடியிலதான் எஞ்சின். தூக்குனவன் கையக் காட்டி எங்களக் கூப்புடுறான். என்னாடான்னு எட்டிப் பாத்தோம். நாலு ஓட்டைக்கும் சுத்தமான துணி அடைச்சு, மேல ரப்பர் விரிப்ப வெட்டிப் போட்டு, கல்லு வச்சிருக்கு. துணிய எடுத்தா உள்ள எண்ண மினுங்குது. இத யாரோ மாசாமாசம் எண்ண ஊத்தி, கையால சுத்தி வச்சிருக்காங்கன்னான்.

யாரோ என்ன யாரோ. எங்க வீட்டுக்காரருதான். கோழிக்கு முட்ட பாக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போவாரு. முட்டைக்கு இவ்வளவு நேரமான்னு நான் ஏசியிருக்கேன்.

தனுஜா அந்த எண்ணையில வெரல வச்சுப் பாத்தா. ரெண்டு பேருமே எண்ண போட்டுப் பத்திரமா வச்சிருந்திருக்காங்க அக்கான்னா. முந்தானையால மூக்கத் தொடச்சுக்கிட்டா. அப்பறம் சீலைய இழுத்துச் சொருகிட்டு, ஸ்பேனரக் குடு தம்பின்னு அகீல்கிட்ட வாங்கி, அவன் சொல்லச் சொல்ல போல்ட்ட அவதான் இறுக்குனா. நடுவுலருந்து ஆரம்பிச்சு வெளிய போகணும், ஒவ்வொண்ணா கொஞ்சங்கொஞ்சமா இறுக்கணும், ஒரு பக்கமா முறுக்குனா மறுபடியும் கோணிக்கும்னு சொல்லிக் குடுத்தான்.

அகீல் கொண்டாந்த பெட்டரிய மாட்டி, எங்க வீட்டுக்காரரு தூங்கும்போது நான் எடுத்து வச்ச வேன் சாவியப் போட்டா, மொத தடவ பிடிக்கல. ரெண்டாவது தடவ இருமுச்சு. பிறகு கரும்பொகையா ஒரு மூச்சு விட்டுச்சு பாருங்க, கோழி ரெண்டும் ஜன்னலால பறந்துச்சு. தனுஜா உக்காந்து, கண்ணாடிக்குப் பின்னால இருந்து எடுத்து வந்த லைசன மடியில வச்சுக்கிட்டு, அப்புத்தளைக்கு ஒரே ஓட்டம். அவங்கப்பா லொறிக் கொட்டாயிலதான் இப்ப நிக்கிது. மாமிக்கு கிளினிக்னா அவ போயி எடுத்துக்கிட்டு வருவா. அடுத்த ஐப்பசி மழைக்கு எச்சரிக்கை வந்தா எங்க டிவிசனுக்கு ஒரு வேன் இருக்கு, ஓட்ட ஒரு ஆள் இருக்கு. கதிரையில ஏற மாட்டேன்னு மாமி சத்தியமே பண்ணிட்டாங்க.

இல்லைங்க, மன்னிப்புக் கேக்க வரல. கள்ளன நீங்க கண்டுபுடிச்சாச்சு, அது சரி. ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல.

முறைப்பாடு குடுத்த அன்னைக்கு சார்ஜன் இவங்களுக்கு ஒரு வேல சொல்லி அனுப்புனாரு. மொதல்ல பழைய இரும்புக் கடையெல்லாம் தேடிப் பாருங்கன்னு. தனியாப் போனா மத்தவன் கண்டுபுடிச்சு ஒளிச்சுருவான்னு ரெண்டு பேருக்கும் பயம். அதனால ஒண்ணாப் போனாங்க, ஒருத்தர ஒருத்தரு காவல் பாத்துக்கிட்டு. பதுளையில தேடுனாங்க, பசறையில தேடுனாங்க. பண்டாரவளையில தேடும்போது மழ புடிச்சு ஒரு கடையில ஒதுங்கியிருக்காங்க. கொழுந்தன்தான் மொதல்ல வாயத் தெறந்தது. டீ குடிக்கிறியா அண்ணன்னு கேட்டுருக்காரு. இவரு வீட்டுக்கு வந்து என்கிட்ட அத மூணு தடவ சொன்னாரு. டீயில சீனி பத்தலன்னு வேற சொன்னாரு, ஆனா மூஞ்சியில சீனி இருந்துச்சு.

இப்ப வாரம் தவறாமத் தேடப் போறாங்க ஐயா. போன வாரம் வெலிமட. எவன் எடுத்திருப்பான்னு வழியெல்லாம் பேச்சு. கையில கெடச்சா அவன வகுந்துருவோம்னு ரெண்டு பேரும் ஒரே குரல்ல சொல்றாங்க, மாமி போர்வைக்குள்ள சிரிச்சு சிரிச்சு இளைப்பு வந்துருச்சு.

அதனாலதான் கேக்குறேன். இன்னைக்கு ஒண்ணையும் தீத்து வச்சுறாதீங்க. வேற ஒரு நாளைக்குத் தவண போடுங்க. அப்பறம் இன்னொரு தவண. மொனராகலப் பக்கம் அவங்க இன்னும் தேடவே இல்ல.

வேனா? இன்னைக்கும் மாமிக்கு கிளினிக்தான். கேட்டுக்கு வெளிய நிக்கிதே பச்ச நெறம், உங்க கார விட எடமில்லன்னு ஒரு பொம்பளைய ஏசினீங்களாமே, அவதான் தனுஜா. பஸ் வர்றதுக்குள்ள எடுத்துருன்னு சொல்லியிருக்கேன். கேக்குதா, அந்தா எடுத்துட்டா. நல்லாத்தான் ஓடுது, என்னாங்க.

நான் கதவத் தெறந்துர்றேன். ஐயா, இங்குட்டு வந்து பாருங்களேன். வாறாங்க. ரெண்டு பேருக்கும் ஒரு கொட. அவங்கவங்க கொடைய எங்க விட்டாங்களோ தெரியல. புடிச்சிருக்கிறவருதான் எங்க வீட்டுக்காரரு. புடிக்கத் தெரியாது அவருக்கு. பாருங்க, பூரா தம்பி பக்கம் சாச்சுப் புடிச்சுக்கிட்டு, இவரு நனைஞ்சுக்கிட்டு வாறாரு.

தவணைய சித்திரைக்குப் பிறகு போடுறீங்களா?